இடங்காட்டுங் கருவியும் அதனுள் இருக்கும் சில்லும்

கடலில் சென்ற மனிதன் தான் நிற்கும் இடம் எது என்று அறியப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் அளந்து அறிந்துகொண்டான். கிழக்கு மேற்கு அளவை அறியவோ வானம் அவனுக்கு எளிதில் உதவவில்லை. அதற்கு வேண்டியிருந்தது, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையாமல் காட்டும் ஒரு கடிகாரம். இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்னும் தச்சுத் தொழிலாளி தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டு, 1759-ஆம் ஆண்டில் அத்தகைய கடிகாரத்தைச் செய்து முடித்தார். சந்திரனின் ஓட்டத்தைக் கணக்கிட்டே இடத்தை அறியவேண்டும் என்று பிடிவாதம் கொண்டிருந்த வானநூல் பண்டிதர்கள், தச்சன் ஒருவன் செய்த பொருளை ஏற்க மனமின்றி, அவருக்குச் சேரவேண்டிய பரிசைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். தொழிலாளியின் கையறிவைப் பண்டிதர் மதியாத வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதனை இங்குக் குறித்தோம்.

அந்தத் தச்சர் கண்ட வழியே இன்றும் வழி. ஜி. பி. எஸ். என்று மூன்றெழுத்தால் வழங்கும் கைக்கருவியை ஒருவகைத் திசைகாட்டி என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் அது ஒரு கடிகாரம். தன்னைவிடச் சிறந்த கடிகாரங்கள் கூறும் நேரத்தைக் கேட்டுத் தன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடிகாரம். அதன் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் என்ன செய்கின்றன, அவை எவ்வாறு நகத்தளவாகச் சிறுத்தன, அவற்றின் பயன் யாருக்கு மறுக்கப்பட்டுப் பின் எவ்வாறு கிடைத்தது என்பதே நாம் கூற முற்படும் வரலாறு.

பூமிக்கு மேல் சுமார் 12,500 மைல் உயரத்தில், அமெரிக்க அரசாங்கம் ஏற்றிவைத்த முப்பது அளவிலான செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ‘இப்பொழுது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது’ என்று ஒவ்வொன்றும் ரேடியோ அலை வழியாக ஓயாமல் கூறிக்கொண்டிருக்கிறது. அவ்வலை விநாடிக்கு 1,86,000 மைல் செல்வது. ஆகவே செய்தி புறப்பட்ட நேரமும் வந்து சேர்ந்த நேரமும் தெரிந்தால் தூரம் தெரியும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும் அன்றோ என்று கேட்கலாம். தெரிந்துவிடும், நம் கையில் இருப்பதும் அணுக் கடிகாரமாக இருக்குமானால்! கைக்கருவியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் படிகம். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது பிழைத்தாலும் தூரக் கணக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி தவறிப் போகும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட யுக்தி மிக அழகானது. நான்காவதாக ஒரு கோளையும் சேர்த்துக் கேட்பது. அறிய வேண்டியவை நான்கு: இடத்தைக் குறிக்கும் அளவுகள் மூன்று, நம் கடிகாரத்தின் பிழை ஒன்று. நான்கு சமன்பாடுகள் கிடைத்துவிட்டால் நான்கும் விடுபடும். பள்ளிக்கூடத்து இயற்கணிதம் அறிந்த பிள்ளைகளுக்கு இது விளங்கும். ஒன்பது கோள்களை வைத்துக்கொண்டு, காணாமற்போன ஆடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் சரியாகச் சொல்லமாட்டாத சோதிடர்களை நாம் கண்டிருக்கிறோம். இங்கே நான்கே கோள்கள் போதுமானவையாக இருக்கின்றன, தட்சிணையும் இல்லை.

இனி, கேட்பது என்ற சொல்லுக்கு வருவோம். கோள் அனுப்பும் அலையின் வலிமை ஒரு வீட்டு விளக்கின் வலிமையே. தரைக்கு வந்து சேரும்போது அது, ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் கோடியால் வகுத்து, அதனையும் நூறால் வகுத்தால் எவ்வளவோ அவ்வளவாகத் தேய்ந்துவிடுகிறது. கருவியின் உள்ளே வெப்பத்தினால் தானாகவே எழும் இரைச்சல் இதனைவிடப் பெரிது. இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஒன்றை எங்ஙனம் கேட்பது?

திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்தில், தூரத்தில் ஒருவன் தப்பு அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் அடிக்கும் தாளம் நமக்கு முன்பே மனப்பாடம். அதே தாளத்தை நாமும் விரலால் தட்டிக்கொண்டு, சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் தொடங்கிப் பார்க்கிறோம். எந்தக் கணத்தில் நம் தட்டும் அவன் அடியும் ஒன்றுபடுகின்றனவோ, அந்தக் கணத்தில் அவன் ஒலி ஆரவாரத்திலிருந்து பிரிந்து நம் காதில் விழும். கைக்கருவி செய்வதும் இதுவே. ஒவ்வொரு கோளுக்கும் தனித் தாளம் உண்டு. அது 1,023 அடிகள் கொண்டது. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் முடிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. எல்லாக் கோள்களும் ஒரே அலைவரிசையில் ஒலித்தாலும் ஒன்றின் தாளம் மற்றொன்றோடு குழம்பாதிருக்கும்படி அவற்றை அமைக்கும் கணக்கை ராபர்ட் கோல்டு என்பவர் 1967-இல் வெளியிட்டார். தாளத்தை ஒத்துப் பார்க்கும் உறுப்பை நாம் ‘ஒப்புநோக்கி’ என்று அழைப்போம். கோள் விரைந்து ஓடிக்கொண்டிருப்பதால், ரயில் வண்டியின் ஊதல் நெருங்கும்போதும் விலகும்போதும் மாறுவது போல, அலையின் சுருதியும் மாறும். தாளம் தொடங்கும் இடத்தையும் தேடவேண்டும், சுருதியையும் தேடவேண்டும். இரண்டையும் பெருக்கினால் பல்லாயிரம் சேர்க்கைகள். ஒரே ஒரு ஒப்புநோக்கி அவ்வளவையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் காத்திருப்பவன் பொறுமை தீர்ந்துவிடும். இந்த ஒப்புநோக்கிகளின் தொகை பெருகிய கதையே கைக்கருவியின் கதை என்று கூறினும் பொருந்தும்.

பெட்டியில் உள்ள மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அலையை வாங்கும் ஏரியல் ஒன்று; சிறு பீங்கான் வில்லையாகவோ, திருகிச் சுற்றிய கம்பியாகவோ இருக்கும். வந்த அலையைப் பெருக்கும் சில்லு ஒன்று. வேண்டாத அலைகளை விலக்கும் வடிகட்டி ஒன்று. வெயிலிலும் மழையிலும் மாறுபடாதபடி வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகம் ஒன்று. கணக்குப் போடும் மூளைச் சில்லு ஒன்று. இவையெல்லாம் தொடக்கத்தில் தனித்தனிப் பலகைகளில் இருந்தன. இன்று பெரும்பாலானவை ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டன.

இந்த முறைக்கு வித்திட்டது ருஷ்யர் செயல். 1957 அக்டோபர் 4-ஆம் நாள் அவர்கள் ‘ஸ்புட்னிக்’ என்னும் முதற் செயற்கைக் கோளை ஏற்றினார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிச் சாலையில் வில்லியம் குயர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அதன் ஒலியைக் கேட்டு, சுருதி மாறுவதைக் கொண்டே அது செல்லும் பாதையைக் கணக்கிட்டனர். மறு ஆண்டு அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நாம் நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதையை அறியலாம் எனின், கோளின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடத்தை அறியலாகாதா? இதிலிருந்து ‘டிரான்சிட்’ என்ற முறை பிறந்து, 1964 முதல் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உதவியது. பிறகு 1973-இல் கர்னல் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் தலைமையில், கடற்படையும் ஆகாயப் படையும் தனித்தனியே கருதி வந்த முறைகளை ஒன்றாக்கி இன்றைய ஜி. பி. எஸ். திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் முதல் வரிசைக் கோள்களில் முதலாவது 1978 பெப்ரவரி 22-ஆம் நாள் ஏற்றப்பட்டது.

வானத்தில் கோள் ஏறிவிட்டது. தரையில் கருவி எப்படி இருந்தது? சோதனைக்காக 1970-களில் காலின்ஸ் நிறுவனத்தார் செய்த கருவி 270 பவுண்டுக்கு மேல் எடை கொண்டது. அதனைக் கைக்கருவி என்று யாரும் சொல்லார். பின்னர் அதே நிறுவனம் போர்வீரன் முதுகில் சுமக்கத்தக்க கருவி ஒன்றைச் செய்தது. அது 17 பவுண்டு. அதற்கு இருந்தது ஒரே செவி. அதாவது ஒரு சமயத்தில் ஒரு கோளைத்தான் கேட்கும், அதனை விட்டு அடுத்ததைக் கேட்கும், பின் அதற்கடுத்தது. வீரன் இதற்குள் நடந்துவிட்டால் கணக்குக் குழம்பும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் நில அளவைக்காரருக்கென விற்ற டி. ஐ. 4100 என்ற கருவி, ஒரு பெரிய பயணப்பெட்டி அளவினது. விலையோ ஒரு லட்சம் டாலருக்கு மேல். பல உறுப்புகளை ஒரே சில்லில் பொறிக்கும் வித்தையை 1958-இல் கண்ட ஜாக் கில்பி வேலை செய்த நிறுவனமும் இதுவே என்பது நினைக்கத்தக்கது. வித்தை கையில் இருந்தும் விலை இறங்குவதற்கு இன்னும் காலம் வேண்டியிருந்தது.

ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் இத்துறையில் சிறிது முயன்றுவிட்டுக் கைவிட்டது. அங்கே வேலை பார்த்துவந்த சார்லஸ் டிரிம்பிள் என்பவர் 1978-இல் விலகித் தனிக் கம்பெனி தொடங்கி, பின்னர் அந்தக் கைவிடப்பட்ட ஆராய்ச்சியை விலைக்கு வாங்கினார். ஹியூலெட்-பேக்கார்டு என்னும் பெயர் பினாங்கு மக்களுக்குப் புதிதன்று. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்தபோது, இன்டெல் முதலிய நிறுவனங்களோடு வந்தவர்களில் அதுவும் ஒன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணைப் பதித்து, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலைக்கு மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். சில்லின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்கப் பொறியியலாரின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு, இந்தப் பெண்களின் கண்களை மறந்துவிடுகின்றனர்.

உண்மையாகவே கையில் பிடிக்கத்தக்க கருவி விற்பனைக்கு வந்தது 1989-இல். மாஜெல்லன் என்னும் புதிய கம்பெனி ‘நாவ் 1000’ என்ற பெயரில் அதனை வெளியிட்டது. செங்கல்லை நினைவூட்டும் உருவம். எடை ஏறத்தாழ 2 பவுண்டு. விலை சுமார் 3,000 அமெரிக்க டாலர். இதற்கும் ஒரே செவி. நான்கு கோள்களை மாறி மாறிக் கேட்டது. அக்காலத்தில் வானில் கோள்களும் குறைவாகையால், நாள் முழுதும் அதனால் இடம் காட்ட இயலவில்லை. இருப்பினும் 270 பவுண்டு 2 பவுண்டாகியது சிறு காரியமன்று.

இங்கே ஒரு பூட்டைப் பற்றிக் கூறவேண்டும். 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், வழி தவறி ருஷ்ய எல்லைக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். இனி இத்தகைய விபத்து நேராதிருக்க, ஜி. பி. எஸ். முறை முழுமை பெற்றதும் உலக மக்கள் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரேகன் அறிவித்தார். கொடுத்த கை ஒரு பகுதியை மறைத்தும் வைத்துக்கொண்டது. 1990 முதல், பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. படையினரின் கருவி சரியாகக் காட்டும். மீனவன் கருவியோ நூறு மீட்டர் வரை தவறும். படிக்கும் உரிமை இன்ன குலத்தாருக்கே என்று ஏட்டைக் கட்டி மறைத்தவர்களின் பரம்பரையை நாம் அறிவோமாதலால், இது நமக்கு வியப்பளிக்கவில்லை.

வியப்பளிப்பது அடுத்து நடந்தது. அதே 1990-இல் குவெய்த் நாட்டின் மீது ஈராக் படையெடுக்க, அமெரிக்கச் சேனை பாலைவனத்துக்குச் சென்றது. மரமும் மலையும் இல்லாத மணற்காட்டில் வழி அறிய, படைக்கென்று செய்த கருவிகள் போதவில்லை. கடைச் சரக்கான டிரிம்பிள், மாஜெல்லன் கருவிகளை அரசாங்கம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. தங்கள் பிள்ளைகளுக்குப் பெற்றோரே வாங்கி அனுப்பியதும் உண்டு. ஆனால் கடைச் சரக்குக்குப் படையின் சாவி இல்லை. தாங்களே கலந்த பிழை தங்கள் வீரரையே வழி தவறச் செய்யும். ஆகவே யுத்தம் முடியும் வரையில் பிழையை நிறுத்தி வைத்தார்கள்! முடிந்ததும் மீண்டும் பூட்டினார்கள். அதிபர் கிளின்டன் ஆணையால் 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் அப்பூட்டு நீக்கப்பட்டது. அன்று உலகத்தில் இருந்த கைக்கருவி ஒன்றிலேனும் ஒரு திருகாணியும் மாற்றப்படவில்லை. ஆயினும் அடுத்த நாள் காலையில் எல்லாம் பன்மடங்கு சரியாகக் காட்டின. குறை கருவியில் இல்லை என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டுவது?

பூட்டு திறக்கும் முன்னரே சில்லும் முன்னேறி வந்தது. 1989-இல் கேரி பரல் என்ற அமெரிக்கரும், தைவானில் பிறந்த மின் காவ் என்பவரும் கூடிக் கம்பெனி ஒன்று தொடங்கினர். இருவர் பெயரின் முதற்பகுதிகளைச் சேர்த்து ‘கார்மின்’ ஆயிற்று. 1990-களின் பின்பகுதியில் பன்னிரண்டு செவிகள் கொண்ட கைக்கருவிகள் வந்தன. மாறி மாறிக் கேட்கும் தொல்லை ஒழிந்தது. தலைக்கு மேல் தெரியும் கோள்கள் அனைத்தையும் ஒருசேரக் கேட்கலாயிற்று. ஆனால் திறந்த வெளியில்தான். மரத்தடிக்குள் நுழைந்தால் கருவி ஊமையாகிவிடும். நீர் நிறைந்த இலை அந்த அலையை விழுங்கிவிடுவது. மழை பெய்து நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் சில்லின் பெருமை தெரிகிறது. டெல்லி ஐ. ஐ. டி.யில் பயின்ற கன்வர் சாடா முதலியோர் 1995-இல் கலிபோர்னியாவில் ‘சர்ஃப்’ என்னும் கம்பெனியைத் தொடங்கினர். இவர்கள் கருவி விற்கவில்லை. சில்லு மட்டுமே விற்றனர். யார் வேண்டுமானாலும் வாங்கித் தம் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். 2004-இல் இவர்கள் வெளியிட்ட ‘சர்ஃப்ஸ்டார் மூன்று’ என்ற சில்லு, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்புநோக்கிகள் செய்யும் வேலையைச் செய்யவல்லது என்று கூறப்பட்டது. ஒரே தப்போசையைக் கண்டுபிடிக்க இரண்டு லட்சம் பேர் ஒருவருக்கொருவர் சற்று முந்தியும் பிந்தியும் தட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தேடுவதற்கு இனி நிமிடங்கள் வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய இலாபம், மெலிந்த ஒலியை நெடுநேரம் சேர்த்துச் சேர்த்துக் கேட்கவும் இயன்றதாகும். 2006-இல் கார்மின் நிறுவனத்தார் இச்சில்லை வைத்து ‘60 சி. எஸ். எக்ஸ்.’ என்ற கைக்கருவியை வெளியிட்டனர். காடுகளில் அளவை செய்வோர் அதனை நெடுங்காலம் போற்றி வைத்திருந்ததற்குக் காரணம் அதன் திருகு ஏரியலும் உள்ளிருந்த அந்தச் சில்லுமே. அடுத்த ஆண்டுகளில் தைவானின் மீடியாடெக் முதலியோர் போட்டிக்கு வந்தனர். விலை மேலும் சரிந்தது. சர்ஃப் கம்பெனி 2009-இல் வேறொரு கம்பெனியோடு கலந்து பெயரிழந்தது.

செம்பனைக்குள் நடந்தவர் இதன் அருமையை அறிவர். மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பழைய நிரையில் நண்பகலிலும் நிழல்தான். முன்பு தோட்டத்தின் பரப்பை அளக்கச் சங்கிலி இழுத்துக்கொண்டு ஆட்கள் நாட்கணக்கில் நடந்தனர். வரைந்த படம் துரையின் காரியாலயத்துக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எத்தனை ஏக்கர் என்று கணக்கெழுதும் நமக்கே காரியாலயம் சொன்னதுதான் ஏக்கர், வெட்டுகிறவர்களுக்குச் சொல்லவேண்டுமா? இன்று நல்ல சில்லு வைத்த ஒரு கைக்கருவியுடன் ஒருவர் ஒரு நிரைப் பகுதியைச் சுற்றி வந்தால் பரப்பு ஓரளவு தெரிந்துவிடும். எனினும் இதே சில்லு லாரிக்குள் பொருத்தப்பட்டு, ஓட்டுநர் எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்று முதலாளிக்கு அறிவிப்பதையும் மறைப்பதற்கில்லை.

கருவியின் நினைவுச் சில்லில் பூமியின் வடிவத்தைக் குறிக்கும் எண்களும் அடங்கியுள்ளன. பூமி உருண்டை என்று சொல்லிவிடுகிறோம். நுணுகி அளந்தால் அது மேடும் பள்ளமுமானது. அந்த வடிவத்தைக் கோள்கள் அனுப்பிய அளவுகளிலிருந்து கணக்கிடும் நீண்ட பணியில் உழைத்தோருள் கிளாடிஸ் வெஸ்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி ஒருவர். 1930-இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வகுப்பில் முதல் மாணவியாகத் தேறிக் கல்லூரிக்கு உதவிப்பணம் பெற்று, கணிதம் கற்று, 1956-இல் கடற்படையின் டால்கிரன் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார். கறுப்பர் வெள்ளையரோடு ஒரே பள்ளியில் அமர இயலாதிருந்த நாடு அது. 2018-இல்தான் ஆகாயப் படையினர் அவருடைய பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தனர்.

2017-இல் பிராட்காம் நிறுவனம், இரண்டு அலைவரிசைகளை ஒருங்கே கேட்கும் மலிவான சில்லை அறிவித்தது. மறு ஆண்டிலிருந்து அது கைத்தொலைபேசிகளில் புகுந்தது. அமெரிக்கர் கோள்களோடு ருஷ்யர், ஐரோப்பியர், சீனர் கோள்களையும் இப்பொழுது ஒரே சில்லு கேட்கிறது. ஆகவே தனிக் கைக்கருவி வாங்க வசதியில்லாதவர் கையிலும் இன்று இவ்வசதி இருக்கிறது.

இதனைக்கொண்டு நம்மவர் உடனே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிபட்டு, புது மரமோ புது வீடுகளோ வந்தபின், பாட்டன் பாட்டியைப் புதைத்த இடம் எது என்று காட்டக் கிழவர் ஒருவர் இருவரே எஞ்சியிருக்கும் ஊர்கள் உள. அவர்களை அழைத்துச் சென்று, இடுகாட்டின் நான்கு மூலையிலும் பழைய பள்ளிக்கூடம் நின்ற இடத்திலும் தொலைபேசியை வானம் தெரியும்படி ஐந்து நிமிடம் பிடித்திருந்து, காட்டும் எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதிக்கொள்ளலாம். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிப்பது. திறந்த வெளியில் பதினைந்து அடி வரை பிழை இருக்கும். மரத்தடியில் அதனினும் கூடும். ஆதலால் வேறொரு நாள் மீண்டும் சென்று பார்த்து, இரண்டையும் எழுதுவது நல்லது. நில அலுவலகத்தில் இது அளவைப் படத்துக்கு ஈடாகாது. அதற்கு உரிமம் பெற்ற அளவையாளர் வேண்டும். ஆனால் அவரை எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வது என்பது தெரிந்திருக்கும்.